சுவிஸ் சிம்மோடு எல்லை தாண்டினால்: ரோமிங் டேட்டா குறித்த இழை

12 ஜூலை 2025, மாலை (பேர்னிலிருந்து ஒரு வாசகர்)

ஆகஸ்ட் கடைசியில் பாரிஸ் பிள்ளையார் தேருக்குக் குடும்பத்தோடு போகிறோம். ஐரோப்பா முழுவதும் 2017 முதல் ரோமிங்குக்கு, அதாவது நம் சிம்மை வேறு நாட்டு நெட்வொர்க்கில் ஓட்டுவதற்கு, தனிக் காசு இல்லை என்று ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி அடித்துச் சொல்கிறான். அப்படியானால் சுவிஸ் சிம்மில் நான் எதையும் தொட வேண்டியதில்லை, சரிதானே?

12 ஜூலை 2025, இரவு

தம்பி சொல்வது தம்பிக்குச் சரி, உங்களுக்கு இல்லை. 15 ஜூன் 2017 அன்று நடைமுறைக்கு வந்த அந்த விதி ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளையும், ஒன்றியத்தோடு சந்தையைப் பகிரும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர்ந்திருக்கும் நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவற்றையும்தான் கட்டும். அந்தப் பகுதியில் சேரவே வேண்டாம் என்று சுவிஸ் மக்கள் 6 டிசம்பர் 1992 அன்று வாக்களித்துவிட்டார்கள். அன்று யாரும் கைபேசியை நினைத்து வாக்களித்திருக்க மாட்டார்கள். பில் மட்டும் நமக்கு வருகிறது.

ஆகவே பிரான்ஸில் உங்களுக்கு என்ன விலை என்பதை உங்கள் சந்தாவின் ஒப்பந்தம்தான் முடிவுசெய்கிறது. இப்போது பல சந்தாக்களில் ஐரோப்பாவுக்கென்று சில ஜிபி சேர்த்தே தருகிறார்கள். உங்களுடையதில் அது இருக்கிறதா, எவ்வளவு, தீர்ந்ததும் தானாக நிற்குமா அல்லது எம்பிக்கு இவ்வளவு என்று ஓடிக்கொண்டே இருக்குமா என்று பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள். மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

13 ஜூலை 2025

நேற்றுப் பதில் எழுதிய நான் பாசல்காரன். எங்களுக்கு வெளிநாடு டிராம் தூரத்தில் இருக்கிறது. 8ஆம் இலக்க டிராம் 2014 டிசம்பர் முதல் ஜெர்மனியின் வைல் அம் ரைன் வரைக்கும், 3ஆம் இலக்கம் 2017 டிசம்பர் முதல் பிரான்ஸின் சென் லூயி ரயில் நிலையம் வரைக்கும் போகின்றன. ஒரு சனிக்கிழமை காலை அந்த 8ஆம் இலக்கத்தில் ஏறிப் பாருங்கள். பாதிப் பேர் கையில் மடித்த பை, மீதிப் பேர் கையில் சக்கரம் வைத்த கூடை. கோழியும் பாலும் சலவைத்தூளும் அந்தப் பக்கம் மலிவு. கிளைன்ஹூனிங்கன் பக்கம் வரும்போது நாலைந்து கைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும். எல்லாம் ஜெர்மனிக்கு வரவேற்கும் குறுஞ்செய்திகள். டிராம் இன்னும் சுவிஸ் தண்டவாளத்தில்தான் நின்றுகொண்டிருக்கும்.

அலை சுங்கச்சாவடியில் நிற்பதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கோபுரம் உங்கள் சமையலறை வரை எட்டும். நிலக்கீழ் அறையிலோ தடித்த சுவருக்குப் பின்னாலோ சுவிஸ் அலை அறுந்துபோனால், கைபேசி அகப்பட்டதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை உடனே விடுவதும் இல்லை.

இதைவிட வேடிக்கை விமான நிலையம். பாசல் விமான நிலையம் முழுக்கப் பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது. நகரத்திலிருந்து வேலி போட்ட ஒரு சுங்கச் சாலை வழியாக நேரே சுவிஸ் பகுதிக்குள் போய் இறங்கிவிடுவதால் பலருக்கு அது உறைப்பதில்லை. என் அக்காவின் மகன் அங்கே விமானத்துக்குக் காத்திருந்த நேரத்தில் கால்பந்துக் காணொளி பார்த்தான். அறுபது பிராங்குக்கு மேல் பில் வந்தது. பாசலை விட்டே போகவில்லையே என்று அக்கா தொலைபேசியில் மன்றாடினார். பயன்பாடு பிரான்ஸில் பதிவாகியிருக்கிறது என்ற வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

13 ஜூலை 2025, சற்றுப் பின்னர்

செய்ய வேண்டியதை ஏன் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள் என்று ஒருவர் தனிமடலில் கேட்கிறார். அமைப்புகளில் நெட்வொர்க் தேர்வு தானியங்கியில் இருக்கும். அதை அணைத்தால் சுற்றியிருக்கும் நிறுவனங்களின் பட்டியல் வரும், வர ஒரு நிமிடம்கூட ஆகலாம், பொறுங்கள். உங்கள் சுவிஸ் நிறுவனத்தின் பெயரைத் தொடுங்கள். இனி அது கிடைக்காத இடத்தில் சிக்னலே இருக்காது, ஆனால் பில்லும் இருக்காது. எல்லையோரம் வசிப்பவர்கள் இப்படியே வைத்துக்கொண்டு, பயணம் போகும்போது மட்டும் மாற்றுவது நல்லது. கைபேசி அலையைப் பார்க்கும், விலையைப் பார்க்காது. தேர்வை அதனிடம் விடாதீர்கள் என்பதுதான் இந்த இழை முழுக்க நான் சொல்லப்போவது.

17 ஜூலை 2025

“டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டேன், இனிக் கவலை இல்லை” என்று எழுதியவருக்கு: டேட்டாவுக்குக் கவலை இல்லை. அழைப்புக்கு அந்தப் பொத்தான் பொறுப்பல்ல. வெளிநாட்டிலிருந்து நீங்கள் செய்யும் அழைப்புக்கு மட்டுமல்ல, உங்களுக்கு வரும் அழைப்புக்கும் சந்தாவைப் பொறுத்து உங்களிடமே காசு வாங்குவார்கள். எடுக்காமல் விட்டால் குரலஞ்சலுக்குப் போய், அதற்கும் ஒரு கணக்கு விழக்கூடும். புறப்படுமுன் குரலஞ்சலுக்குத் திருப்பி விடுவதை நிறுத்துங்கள்.

19 ஜூலை 2025

ரோமிங் செலவு ஏறுகிறது என்ற எச்சரிக்கைக் குறுஞ்செய்தி ஏன் எல்லாம் முடிந்த பிறகு வருகிறது என்ற கேள்விக்கு, வெளிநாட்டு நிறுவனத்தின் கணக்கு வந்து சேரத் தாமதமாகும் என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். வாடிக்கையாளர் சேவையில் இதே பதிலை அக்காவுக்கும் சொன்னார்கள். குரல் அழைப்பைப் பொறுத்தவரை அது நியாயமான பதில். அழைப்பு நடந்த நாட்டின் நிறுவனம்தான் முதலில் கணக்கு எழுதுகிறது. மோசடியைப் பிடிப்பதற்காக அந்தக் கணக்கை 4 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாட்டை உலகக் கைபேசி நிறுவனங்களின் சங்கம் 2008இல் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒன்றரை நாள்கூட ஆனது.

டேட்டாவின் வழி வேறு. ரோமிங்கில் இருக்கும் சுவிஸ் சிம்மின் டேட்டா, பிரான்ஸின் கோபுரத்திலிருந்து நேரே இணையத்துக்குப் போவதில்லை. பெரும்பாலும் அது நிறுவனங்களுக்கிடையே உள்ள தனிவழியில் சுவிஸுக்கே திரும்பி வந்து, உங்கள் நிறுவனத்தின் வாயிலைக் கடந்த பிறகுதான் இணையத்தைத் தொடுகிறது. ஒவ்வொரு கிலோபைட்டும் (கேபி) அவர்களின் கண்முன்னால் போகிறது. தன் வாசலைத் தாண்டிப் போவதை எண்ண முடியவில்லை என்று சொல்கிறவரிடம் என்ன பேசுவது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 ஜூலை முதலே, வாடிக்கையாளர் வேறு வரம்பு சொல்லாவிட்டால் 50 யூரோவில் டேட்டா தானாக அறுந்துவிட வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். அது முடியும் என்பதால்தான் விதித்தார்கள்.

20 ஜூலை 2025

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுச் சுவிஸில் சட்டமே இல்லையா என்று கேட்கிறார்கள். இருக்கிறது. 1 ஜூலை 2021 முதல் ரோமிங் அழைப்பை வினாடிக் கணக்கிலும் டேட்டாவைக் கேபிக் கணக்கிலும்தான் எழுத வேண்டும். அதற்கு முன் ஒரு வினாடி பேசினாலும் முழு நிமிடமாக எழுத முடிந்தது. கட்டணம் எவ்வளவு என்பதற்கு உச்சவரம்பு மட்டும் இல்லை. அளவுகோலைத் திருத்தினார்கள், விலையைத் தொடவில்லை. நேற்று இருந்த கோபம் இன்று கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றாலும் சொன்னதை மாற்றப் போவதில்லை.

பில்லில் தகராறு என்றால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். அவர்கள் மசியாவிட்டால் பேர்னில் தொலைத்தொடர்புக்கென்றே ஒரு சமரச அமைப்பு இருக்கிறது, ஓம்புட்ஸ்கொம் என்று பெயர். எழுத்தில் கேட்டதற்கான சான்று இல்லாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்கா தொலைபேசியில் மட்டுமே கத்தியிருந்தார்.

2 ஆகஸ்ட் 2025

விடுமுறை தொடங்கிவிட்டது, எல்லோரும் பயண இ-சிம் (அட்டை இல்லாமல் இணையம் வழியாகக் கைபேசிக்குள் இறக்கிக்கொள்ளும் சிம்) பற்றியே கேட்கிறார்கள். இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. கேள்வி எழுதிய பலரும் அதிலேயே சிக்கியிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

“இ-சிம் வாங்கிப் போட்டேன், கோடுகள் முழுசாகத் தெரிகின்றன, ஆனால் இணையம் வரவில்லை.” காரணம், வெளிநாடு என்றதும் நீங்கள் பயந்து டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டீர்கள். பயண இ-சிம்களில் பெரும்பாலானவை நீங்கள் போய் இறங்கும் நாட்டின் சிம்களே அல்ல. வேறெங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்துக்கொண்டு அவையே ரோமிங்கில்தான் ஓடுகின்றன. ஆகவே இ-சிம்முக்கு ரோமிங் திறந்திருக்க வேண்டும், வீட்டுச் சிம்முக்கு மூடியிருக்க வேண்டும். பொத்தான் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாக இருக்கிறது. எந்தச் சிம்மின் பக்கத்தில் நிற்கிறோம் என்று பார்த்துத் தொடுங்கள். இரண்டுக்கும் பெயர் வைக்கும் வசதி இருக்கிறது. நான் “வீடு” என்றும் “ஊர்சுற்றி” என்றும் வைத்திருக்கிறேன்.

அடுத்தது இன்னும் நுணுக்கமானது. இரண்டு சிம் உள்ள கைபேசிகளில், ஒன்றில் அலை குறைந்தால் மற்றதன் டேட்டாவுக்குத் தானாகத் தாவும் வசதி உண்டு. ஐபோனில் செல்லுலார் டேட்டா பக்கத்திலேயே, டேட்டா மாறுதலை அனுமதிப்பதா என்று கேட்கும் ஒரு வரி இருக்கும். ஆண்ட்ராய்டிலும் பல கைபேசிகளில் உண்டு. வீட்டுச் சிம்மின் ரோமிங் திறந்திருந்து, இதுவும் திறந்திருந்தால், சுரங்க ரயிலில் இ-சிம் தடுமாறும் ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் வீட்டுச் சிம் வேலைக்கு வந்துவிடும். நீங்கள் மலிவு டேட்டாவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வரைபடம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டையும் மூடுங்கள்.

இ-சிம்மை வீட்டு வைஃபையில் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். இறக்குவதற்கே இணையம் வேண்டும். அதை இறக்குவதற்குத் தரும் கட்டக்குறி (QR) பெரும்பாலும் ஒருமுறைதான் வேலை செய்யும். இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று நடுவழியில் அழித்தால் பணமும் போகும்.

2 ஆகஸ்ட் 2025, இரவு

இ-சிம் போட்டால் வாட்ஸ்அப் எண் மாறிவிடுமா என்று கேட்கிறார்கள். இல்லை, மாறாது. இ-சிம் போட்டதும் எண்ணை மாற்றவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.

10 ஆகஸ்ட் 2025

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நல்லூர்த் திருவிழாக் காலம், வீட்டில் ஆட்கள் நிறைந்து வழிகிறார்கள். கட்டுநாயக்கவில் இறங்கியதும் கடவுச்சீட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கிவிட்டேன். டேட்டா அதில். சுவிஸ் சிம் ரோமிங் டேட்டா மூடிய நிலையில் உள்ளேயே கிடக்கிறது, வங்கியின் குறுஞ்செய்திக்காக. குறுஞ்செய்தி வாங்குவதற்கு என் சந்தாவில் காசில்லை. சிம்மையே கழற்றிப் பணப்பையில் வைத்துவிட்டு, வங்கி உறுதி எண் வரவில்லையே என்று தவிக்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

மருமகன் ஒருவன் சுவிஸ் சிம்மிலேயே ரோமிங் பொதி போட்டு வந்திருக்கிறான். 19 ஜூலை குறிப்பில் எழுதியதைக் கண்ணால் காட்ட அவன் உதவினான். இருப்பிட அனுமதியை அணைத்துவிட்டு அருகிலுள்ள மருந்தகம் எது என்று தேடச் சொன்னேன். சூரிச்சில் ஒரு மருந்தகத்தைக் காட்டியது. அவனுடைய இணையம் சூரிச்சில்தான் வாசல் திறக்கிறது. அவன் முற்றத்தில் நின்று குசினியில் இருக்கும் என்னோடு வாட்ஸ்அப்பில் பேசினால், குரல் ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர் போய் 8,000 கிலோமீட்டர் திரும்பி வருகிறது. கண்ணாடி நாரில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் அதற்கே 0.08 வினாடி. நடைமுறையில் அதைவிடக் கூடுதல். பேச்சு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம், உள்ளூர் அலையை மட்டும் திட்டிப் பயனில்லை.

இந்தச் சுற்றுவழிக்கு ஒரு நன்மையும் உண்டு. சீனாவுக்குப் போகிறவர்கள் வெளிநாட்டுச் சிம்மின் ரோமிங்கில், அங்கே தடுக்கப்பட்டிருக்கும் கூகுளையும் வாட்ஸ்அப்பையும் திறக்க முடிவதற்குக் காரணம் இதுதான். உள்ளூர் சிம்மிலும் விடுதி வைஃபையிலும் அவை திறக்காது. மலிவு எது என்று மட்டும் பார்த்து உள்ளூர் சிம் வாங்கு என்று எல்லா நாட்டுக்கும் சொல்ல முடியாது என்பதற்காக எழுதுகிறேன்.

11 ஆகஸ்ட் 2025

ராமநாதபுரத்து வாசகர் ஒருவர் எங்கள் டிராம் கதையைப் படித்துவிட்டு, தனுஷ்கோடிக்குப் போனால் இலங்கைக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி தனக்கும் வந்தது என்கிறார். வரும். தலைமன்னார் கடலுக்கு அந்தப் பக்கத்தில்தானே இருக்கிறது, தண்ணீரின்மேல் அலைக்குத் தடையும் இல்லை. இந்தியாவில் பொதி போடாத ரோமிங் டேட்டாவை 10 கேபிக்கு இவ்வளவு என்று எண்ணும் வழக்கம் உண்டு. அது சின்னத் தொகையாகத் தெரிவதுதான் ஆபத்து. 10 கேபிக்கு 1 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 1 எம்பிக்கு 100 ரூபாயைத் தாண்டும். அரிச்சல்முனையில் எடுத்த படம் ஒன்று 3 எம்பி, அது தானாக மேகச் சேமிப்புக்கு ஏறுகிறது என்று வையுங்கள். வெளிநாட்டு ரோமிங்கைத் திறக்காத எண்ணுக்கு இந்தப் பயமில்லை. எப்போதோ ஒரு பயணத்துக்காகத் திறந்து, திரும்ப மூடாமல் விட்டவர்கள் ஒருமுறை பாருங்கள்.

16 ஆகஸ்ட் 2025

லண்டன்காரர்களுக்கு: பிரெக்ஸிட்டுக்குப் பிறகு நீங்களும் எங்கள் கட்சி. ஈஈ, வோடஃபோன், த்ரீ ஆகிய மூன்று நிறுவனங்களும் ஐரோப்பாவுக்கான கட்டணத்தைப் புதிய வாடிக்கையாளர்களுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. நாள் கட்டணம் என்றால் எந்த நாள் என்று கேளுங்கள். முதல் பயன்பாட்டிலிருந்து 24 மணி நேரமா, நள்ளிரவுவரையா, அந்த நள்ளிரவு எந்த ஊருடையது? இரவு 11 மணிக்கு விமானம் இறங்கி, வந்து சேர்ந்தேன் என்று ஒரு செய்தி அனுப்பியதற்கு ஒரு முழுநாள் கட்டணம் கொடுத்தவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

18 ஆகஸ்ட் 2025

பேர்ன் வாசகரின் ஜெர்மனித் தம்பி இழைக்கு வந்துவிட்டார். தன்னுடைய அளவற்ற டேட்டா பாரிஸிலும் அளவற்றதுதான் என்கிறார். அளவற்றது வீட்டில் மட்டும், தம்பி. வெளியே ஒரு நியாயப் பயன்பாட்டு அளவு வைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, அதற்குச் சூத்திரமும் விதியிலேயே இருக்கிறது. வரி நீங்கலான மாதக் கட்டணத்தை, நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கிக்கொள்ளும் மொத்த விலை உச்சவரம்பால் வகுத்து, இரண்டால் பெருக்க வேண்டும். அந்த வரம்பு இந்த ஆண்டு ஜிபிக்கு 1.30 யூரோ. 26 யூரோ கட்டினால் 40 ஜிபி. அதற்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும், அதைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் கேட்கலாம். 2017இல் இதே வரம்பு 7.70 யூரோ. வரம்பு இறங்க இறங்க உங்கள் அளவு ஏறும்.

இன்னொன்று, உங்கள் ஜெர்மன் சிம்மை உங்கள் அக்காவுக்குக் கொடுத்துச் சுவிஸில் நிரந்தரமாக ஓட்டும் யோசனை. சுவிஸ் அந்த விதிக்கு வெளியே இருப்பதால் அங்கே நீங்கள்தான் வெளிநாட்டுக் கட்டணம் கட்டுவீர்கள், ஒப்பந்தத்தில் சுவிஸையும் சேர்த்திருந்தால் ஒழிய.

3 செப்டம்பர் 2025

பேர்ன் வாசகர் பாரிஸிலிருந்து திரும்பி எழுதியிருக்கிறார். சந்தாவில் ஐரோப்பிய டேட்டா இருந்ததாம், போதுமான அளவுக்கு. செலவானது தேங்காய்க்கும், பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலின் சேலைக் கடைக்கும்தானாம். மகள் மட்டும் தேரை நேரலையாகப் பாட்டிக்குக் காட்டியதில் பாதி ஜிபியை ஒரே பகலில் கரைத்துவிட்டாள். பாட்டி பார்த்தாரா என்று கேட்டதற்கு, நிழலில் நிற்கச் சொல்லி மகளைத் திட்டிக்கொண்டே பார்த்தாராம்.

9 செப்டம்பர் 2025

விமானத்தில் கைபேசியை விமான நிலைக்கு மாற்றாமல் தூங்கியவரின் பில்லைப் படம் பிடித்து ஒருவர் அனுப்பியிருக்கிறார். சில விமானங்களில் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் கைபேசி நெட்வொர்க் இருக்கிறது. அதற்கு எந்த நாட்டின் குறியீடும் கிடையாது, 901 என்று தொடங்கும் பன்னாட்டுக் குறியீடு. நாடு இல்லை என்பதால் உங்கள் ஐரோப்பியப் பொதியும் ஆசியப் பொதியும் அங்கே செல்லாது. பெரிய பயணக் கப்பல்களிலும் இதே கதை. விமானத்தின் வைஃபை வேறு, இது வேறு. வைஃபை காசு கேட்டுவிட்டுத்தான் திறக்கும்.

4 ஜனவரி 2026

இழை ஆறிப்போய்க் கிடந்தது. இரண்டு செய்திகள். 1 ஜனவரி முதல் உக்ரைனும் மால்டோவாவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் பகுதிக்குள் வந்துவிட்டன. போருக்கு நடுவில் ஒரு நாடு இதை முடித்துவிட்டது, நடுவில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் இன்னும் சந்தாவின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறோம். மொத்த விலை வரம்பும் 1.10 யூரோவுக்கு இறங்கிவிட்டது. 18 ஆகஸ்ட் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள், 26 யூரோவுக்கு இப்போது 47 ஜிபிக்குச் சற்று மேல்.

6 ஜனவரி 2026

லீக்டன்ஸ்டைன் பற்றிக் கேட்டவருக்கு. சுவிஸ் எல்லையிலுள்ள புக்ஸில் பஸ் ஏறி ரைன் ஆற்றைத் தாண்டிப் போனால் அவர்களின் தலைநகர் வாடூஸ். பணம் பிராங்க்தான், எல்லையில் யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் நாட்டுக் குறியீடு 423, ரோமிங் விதியில் அவர்கள் ஒன்றியத்தோடு, நாம் வெளியே. உங்கள் சந்தாவின் நாடுகள் பட்டியலில் லீக்டன்ஸ்டைன் எந்த வலயத்தில் இருக்கிறது என்று பெயரைத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் 13 ஜூலை இரண்டாம் குறிப்பில் சொன்னபடி சுவிஸ் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். ஆற்றோரமாக இருந்தால் சுவிஸ் அலையே எட்டக்கூடும்.